அந்தோணியாருக்குச் சொன்ன மீன்

பெர்னார்ட் அண்ணன் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். பேப்பரை நடந்துகொண்டே படிப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடக் கடைசி பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடுவில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார் என்று அவர் மனைவி ரோசம்மா அக்கா குறைப்பட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் அசையாத தண்ணீரின் நடுவில் மீன் வளர்க்க விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

நான் பரமசிவம், லாரி டிரைவர். அப்போது தேக்கா மார்க்கெட்டில் ஒரு மீன்கடை முதலாளியிடம் வேலை பார்த்தேன். விடியுமுன் ஜூரோங் மீன்துறைக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வந்து தேக்காவில் இறக்க வேண்டும். மனிதர் தின்னாத பொடிமீனும் உடைந்த மீனும் நீலப் பீப்பாய்களில் மிஞ்சும். வாரத்தில் மூன்று நாலு நாள் அதை பிடோக்குக்குக் கொண்டுபோய் பெர்னார்ட் அண்ணன் வளர்க்கும் மீன்களுக்குக் கொடுப்பேன். அந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. பஸ்ஸில் ஏறினால் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான்.

பிடோக்குக்குக் கிழக்கே, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் ஓரத்தில், இரண்டு கல்சுவர்கள் கடலுக்குள் கையை வளைத்தமாதிரி நீண்டிருக்கும். மண் கொட்டிய காலத்தில் வேலைப்படகுகள் ஒதுங்குவதற்காகக் கட்டியது. வேலை முடிந்து படகுகள் போய்விட்டன, சுவர்கள் நின்றுவிட்டன. உள்ளே போக ஒரு சின்ன வாய் மட்டும் உண்டு. வெளியே எவ்வளவு காற்றடித்தாலும் உள்ளே தண்ணீர் சிலுசிலுக்காது. எல்லாரும் அதைக் குளம் என்றே சொல்வோம். படகுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மீனுக்கு அப்படியில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் கப்பல் பட்டறைகளில் ஆட்களைக் குறைத்தபோது அண்ணனுக்கும் வேலை போனது. குழாய் பொருத்துவதில் கைதேர்ந்த ஆள். வேறு பட்டறையைத் தேடி அலையாமல், லைசென்ஸ் எடுத்து, குளத்தில் நாலு வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டு, கொடுவா மீன் குஞ்சு வாங்கிப் போட்டார். கூண்டுகளுக்கு நடுவே பலகை நடைபாதை, ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. ரோசம்மா அக்கா அதிகாலையில் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பியும் சம்பல் தடவிய ரொட்டியும் கொண்டு வந்து, பொடிமீனைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவார். வலையைத் தேய்ப்பது, கிளிஞ்சல் சுரண்டுவது, கிழிசல் தைப்பது எல்லாம் இரண்டு பேர் கைதான்.

அவர்களுக்கு ஒரே மகள். பெயர் எலிசபெத், எல்லாருக்கும் பெட்டி. அச்சகத்தில் வேலை பார்க்கும் கோவிந்தசாமி என்கிற பையனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நல்ல பையன், ஆனால் கோயிலுக்கு வந்து மந்திரிக்கப்பட்ட கல்யாணம் இல்லையே. இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவளும் அவர் மகள்தானே, மிதிக்கவில்லை. கேலாங்கில் ஒரு கீழ்மாடி வீட்டில் குடியிருந்தாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. ரோசம்மா அக்கா எப்போதாவது தேக்காவுக்கு வருகிற சாக்கில் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டுப் போவார். அண்ணனுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

அக்கா அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெட்டி வீடு திரும்ப வேண்டும். அதற்காக, கூண்டில் வளரும் முதல் ஈட்டு மீன் ஜூன் மாதத்தில் வரும் அந்தோணியார் திருநாள் அசனத்துக்கு. அசனம் என்றால் கோயிலில் பந்தி போட்டு எல்லாருக்கும் சோறு போடுவது. அன்றைக்குக் குழம்பில் கிடக்கப்போவது ரோசம்மா வீட்டுக் கொடுவா. அதற்கு முன்னால் ஒரு மீனை விற்கக்கூடாது, தின்னக்கூடாது, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது.

வந்த வினை இதுதான். மீன்கள் சீனப் புத்தாண்டுக்கே விற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டன. மீன் வாங்கும் சீன முதலாளி, தௌக்கே ஒருவர், ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். அண்ணன் ஆசையோடு மனைவியைப் பார்த்தார். அக்கா கூடாது என்று தலையை அசைத்துவிட்டார். பாதியை விற்றுப் பாதியைக் கோயிலுக்குக் கொடுக்கலாமே என்று நான்கூடச் சொன்னேன். நான் இந்துப் பயல், எனக்கு இதெல்லாம் புரியாது என்கிற மாதிரி அக்கா ஒரு சிரிப்பு சிரித்தார். “சொன்னா சொன்னதுதான் தம்பி. அந்தோணியார் தலையில கை வச்சுச் சொன்ன மீன். அதுல பாதி, முக்கால்னு பேரம் பேச முடியுமா?” என்றார். தௌக்கே போய்விட்டார். மீன் பெருத்தது, கூண்டு பெருக்கவில்லை.

மார்ச் மாதத்திலேயே தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்துக்கு வந்துவிட்டது. வலையைத் தூக்கினால் முட்டை அழுகிய நாற்றம். அரைநிலா நாட்களில் கடலின் ஏற்ற இறக்கம் குறைந்து, குளத்து வாயில் தண்ணீர் போகிறதா வருகிறதா என்றே தெரியாது. மூலையில் இருந்த கூண்டில் தினமும் இரண்டொரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. பம்பு வைக்கலாம், ஆனால் அங்கே கரண்டு இல்லை. டீசல் மோட்டாரை ராத்திரி பகலாக ஓட்ட அவர்களால் முடியாது.

அண்ணனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாடைக்காற்று நாளில் கல்சுவரின் தாழ்ந்த இடத்தில் அலை ஏறி உள்ளே விழுவதைக் கவனித்திருக்கிறார். விழுந்த தண்ணீர் திரும்பிப் போவதில்லை. அப்படியானால் அலையே பம்புதானே. முதலில் சுவரின் வெளிப்பக்கம் சிமெண்டில் ஒரு சறுக்கு கட்டினார். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அலை அதில் ஏறியது. இறங்கியதும் சறுக்கு வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. அக்கா அதைப் பார்த்து, துணி காயப்போட நல்ல இடம் என்றார். அண்ணன் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு சறுக்கை மிதக்க வைத்தார். எண்ணெய் டிரம்களைச் சேர்த்துக் கட்டி, சுவருக்கு வெளியே சங்கிலி போட்டு நிறுத்தினார். கடலைப் பார்த்த பக்கம் சரிவாகப் பலகை. அலை பலகையில் ஏறி உச்சியைத் தாண்டிப் பின்னால் இருக்கும் தொட்டியில் விழும். தொட்டித் தண்ணீர் கடலைவிட ஒரு முழம் உயரத்தில் நிற்கும். அந்த முழ உயரம்தான் அதைத் தள்ளும். தொட்டி அடியிலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் கல்லிடுக்கு வழியாக உள்ளே வந்து, குளத்தின் செத்த மூலையில், கூண்டுகளுக்கு அடியில் வாயைத் திறக்கும். புதுத் தண்ணீர் மூலையில் வந்தால் பழைய தண்ணீர் குளத்தைவிட்டு வெளியே போய்த்தானே ஆக வேண்டும்? கடல் ஏறினாலும் இறங்கினாலும் மிதவையும் கூடவே ஏறி இறங்கும். அந்தக் குழாய், மண் அள்ளும் கப்பலில் கழித்துப் போட்டது. அங்கே கிரேன் ஓட்டிய அப்துல் அஜீஸ் சொல்லி வாங்கிக் கொடுத்தார். என் லாரியில்தான் வந்தது. சாலையில் ஒரு மலைப்பாம்பை ஏற்றிப் போகிறவனைப் பார்ப்பதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

குழாயின் நடுவில் ஒரு மரப்பெட்டி வைத்து, அதில் மேலும் கீழும் நகரும் அடைப்புப் பலகை ஒன்றையும் போட்டிருந்தார். கப்பல் எண்ணெய் மிதந்து வரும் நாளில் பலகையை இறக்கிவிட்டால் உள்ளே எதுவும் வராது. முதல்நாள் நல்ல அலை. குழாய் வாய்க்கு மேலே தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கியது. அண்ணன் சட்டையோடு குதித்து அதன்முன் போய் நின்றார். வயிற்றில் தள்ளுது, வயிற்றில் தள்ளுது என்று சொல்லிக்கொண்டே நின்றார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் முடியுமுன் காற்று நின்றுவிட்டது. வாடையும் இல்லை, தென்காற்றும் இல்லை, புழுக்கம் மட்டும். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. தூரத்தில் ஏதாவது கப்பல் போனால் நாலைந்து அலை வந்து சறுக்கில் ஏறும், அவ்வளவுதான். அண்ணன் கல்சுவரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருப்பார். ஒரு இழுவைப்படகு போனால் நின்று பார்ப்பார், அலை வரும்வரை காத்திருப்பார், மறுபடி நடப்பார். சாப்பாட்டுத் தூக்கை அக்கா கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போவார். உட்கார்ந்து தின்னுங்க என்றால், அலை வரட்டும் என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இப்படி ஒரு நாளில்தான் வந்தது. செவ்வாய் அந்தோணியாருக்கு உகந்த நாள். கோயிலில் செபக்கூட்டம் நடத்தும் அல்போன்சம்மாள், நேர்ச்சை மீனைப் பார்த்து ஒரு செபமாலை சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிவந்தார். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. நடைபாதைப் பலகையில் வரிசையாக நின்று செபத்தைத் தொடங்கினார்கள். நான் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தேன்.

செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளை உருட்டிச் சொல்லும்போது முதல் மீன் தலையைத் தூக்கியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கூண்டு முழுக்க வாயைத் திறந்துகொண்டு, செபிக்கிறவர்கள் பக்கமே பார்த்தமாதிரி, அசையாமல் மிதந்தன. நாலு கூண்டிலும் அப்படியே. பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான்கூடக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தோணியார் பிரசங்கத்தை மனிதர்கள் கேட்காமல் போனபோது கடற்கரையில் மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டன என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. அண்ணன் வீட்டுச் சுவரிலேயே அந்தப் படம் மாட்டியிருக்கும். அல்போன்சம்மாள் பலகையில் முழந்தாள் படியிட்டார். எல்லாரும் படியிட்டார்கள். ரோசம்மா அக்கா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பெட்டி போன நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

செபம் முடிந்து இரை போட்டால் ஒரு மீன்கூடத் தொடவில்லை. துண்டுகள் அப்படியே அடியில் போய்ச் சேர்ந்தன. “பாத்தீங்களா, அதுங்களும் ஒருசந்தி இருக்கு” என்றார் அல்போன்சம்மாள். உபவாசத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த செவ்வாய் கோயில் முழுக்கக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெர்னார்ட் அண்ணன் இதில் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது தேக்காவில் நைலான் கயிறு வாங்க வேண்டும் என்று என் லாரியில் ஏறினார். பிடோக் தாண்டும்வரை காலை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்.

“அது செபம் கேக்கல பரமசிவம். மூச்சு முட்டுது. தண்ணியில காத்து இல்ல, அதான் மேல வந்து வாயைத் திறக்குது. விடிகாலையிலதான் ரொம்ப மோசம்.”

“அக்காகிட்ட சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? நீ அவ மூஞ்சியப் பாத்தில்ல? ரெண்டு வருஷம் ஆச்சு அவ சிரிச்சு.”

“அண்ணே, மீன் செத்துப்போனா சிரிப்பு எங்க இருக்கும்? பாதியையாவது எடுத்து வித்துடுங்க லா.”

“நேர்ச்சை மீனை எடுக்க முடியாது. அலை வந்தாப் போதும். ஒரு வாரம் நல்ல அலை வந்தாப் போதும்” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நேர்ச்சை வைத்தது அக்கா. ஆனால் அந்த நேர்ச்சையை இவர் தூக்கிப் பிடித்ததற்குப் பாதிக் காரணம் பக்தி என்றால், மீதி அந்த மிதவை. மீனை எடுத்துவிட்டால் மிதவையால் தண்ணீர் தெளிந்ததா, மீன் குறைந்ததால் தெளிந்ததா என்று யாருக்குத் தெரியும்?

செய்தி சும்மா இருக்குமா? இரண்டு நாளில் கோயில் பூராவும் பரவியது. ரோசம்மா அக்கா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். கேலாங் வழியாகத்தானே போகிறாய், பெட்டியைப் பார்த்து, அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல், மீன் தலை தூக்குவதை அவள் கண்ணால் பார்க்கட்டும், அவளுக்காகத்தான் அந்தோணியார் இதைச் செய்கிறார் என்று சொல்லச் சொன்னார்.

போனேன். பெட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர் கொடுத்தாள். “அம்மாவை நான் மார்க்கெட்ல பாக்குறேன் அங்கிள், அது ஓகே. பட் அங்க வரணும்னா அப்பா கூப்பிடணும். அவர் வாயால. மீன் கூப்பிட்டா நான் வர முடியுமா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து, மாமாவுக்கு உடம்பு நல்லா இருக்கா என்று விசாரித்தான்.

நான் சொல்லை விழுங்குகிறவன் இல்லை. மறுநாள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அப்படியே சொன்னேன். அண்ணே, நீங்க கூப்பிட்டா வருவாளாம். அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடலைப் பார்த்தார். “அந்தோணியார் கூப்பிடுறப்ப வராமலா போயிடுவா?” என்று அக்காவே கடைசியில் சொல்லிக்கொண்டார். அண்ணன் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். “வருவா. செவ்வாய்க்கிழமை பாத்துட்டா வருவா” என்றார். சொல்லிவிட்டு மிதவைச் சங்கிலியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் சுமத்ராக் காற்று இறங்கியது. அங்கே மே மாதத்தில் அப்படித்தான், மேற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒரே அடியாக அடித்துவிட்டுப் போகும். மழை நின்ற பிறகும் தென்காற்று நிற்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது சறுக்கில் அலை மேல் அலையாக ஏறிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. செத்த மூலையில் தண்ணீர் பொங்கிக்கொண்டு, மேலே மிதந்த நுரையும் குப்பையும் குளத்து வாயை நோக்கி மெதுவாக நகர்ந்தன. நாற்றம் பாதியாகிவிட்டது. இரையைப் போட்டதும் கூண்டில் தண்ணீர் கொதித்தது. அவ்வளவு ஆவேசமாக மீன்கள் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரை தீர்ந்ததும் எல்லாம் அடிக்குப் போய்விட்டன, ஒரு முதுகுகூடத் தெரியவில்லை.

அண்ணன் குழாய் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் தலை தூக்காது. மீன் தலை தூக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறது?

ரோசம்மா அக்கா கையில் மிச்சமிருந்த ஒரு துண்டு மீனை உருட்டிக்கொண்டே நின்றார். “அன்னைக்கு இப்படி ஒரு துண்டுகூடத் தொடலையே” என்றார். யாரையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வெளியே அலைச் சத்தம் நன்றாகவே கேட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கால்சட்டையை ரப்பர் பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு, வேன்களுக்கு வழி காட்ட ரோட்டுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பீப்பாயோடு நடைபாதையில் ஏறினேன். மூலைக் கூண்டில் ஏழெட்டு மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

இவ்வளவு அலையில் ஏன்? மூலையைப் பார்த்தேன். பொங்கலே இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அடைப்புப் பலகையை யாரோ இறக்கியிருந்தார்கள். யாரோ என்ன, அவரைத் தவிர வேறு யார்? முந்தின சாயங்காலமே இறக்கியிருக்க வேண்டும்.

பக்கத்தில் ரோசம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார். பூசைக்குக் கட்டும் நல்ல சேலை, தலையில் முக்காடு. மீன்களைப் பார்த்தார். குனிந்து ஒரு துண்டு இரையை ஒன்றின் வாய்க்கு நேராகப் போட்டார். அது தின்னவில்லை. இன்னொன்று போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்சுவரில் கையை ஊன்றி ஊன்றி அடைப்புப் பலகை இருக்குமிடம் போனார். நான் பின்னால் ஓடினேன். பலகை ஊறி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானும் பிடித்துத் தூக்கினோம். தண்ணீர் காலடியில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

“அக்கா, எல்லாரும் வர்ற நேரம்” என்றேன்.

“வரட்டும்” என்றார்.

வேன்கள் வந்தன. அல்போன்சம்மாள் சொன்னபடியே கூட்டம்தான். பூ, மெழுகுவர்த்தி, அந்தோணியார் சுரூபம் எல்லாம் வந்தது. நடைபாதை தாங்காது என்று பாதிப் பேரைக் கல்சுவரில் நிறுத்தினோம். செபமாலை தொடங்கியது. முதல் பத்து மணி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை. கீழே நிழல் நிழலாக மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஐந்து பத்து மணியும் முடிந்து, பாட்டும் பாடி, மன்றாட்டும் சொல்லி, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒரு குழந்தை மீன் எங்கே என்று கேட்டு அடி வாங்கியது.

யாருக்கோ விசுவாசம் குறைவு என்று அல்போன்சம்மாள் பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது ரோசம்மா அக்காவின் பக்கம் பார்த்தார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அண்ணன் அவர்களைக் கவனிக்கவே இல்லை. கூட்டம் முழுக்கக் கண்ணை ஓடவிட்டு, கடைசி வேன் போகும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி வரவில்லை.

பிறகுதான் மூலைப் பக்கம் திரும்பினார். பொங்கும் தண்ணீரைப் பார்த்தார்.

“பலகையை யார் தூக்குனது?”

“நான்தான்” என்றார் அக்கா.

“ஒரு மணி நேரம் விட்டிருந்தா என்னடி? ஒரு மணி நேரம். எல்லாம் மேல வந்திருக்கும். எல்லாரும் பாத்திருப்பாங்க.”

“மூச்சு முட்டிச் சாவுறதையா?”

அக்காவுக்குத் தெரியும் என்பதே அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை தின்னுச்சே, அப்பவே எனக்கு விளங்கிடுச்சு” என்றார் அக்கா. “அந்தோணியார்கிட்டயே மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். நீங்க மட்டும் ஏன் சொல்லல?”

“உனக்காகத்தான். நீ சந்தோசப்பட்டே. பெட்டி வந்து பாத்தா…”

“எனக்காகவா?”

அக்கா இறுக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டார். நனைந்த முந்தானையைப் பிழிந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“டிரம்மைக் கட்டி, குழாயை இழுத்து, கடலையே புடிச்சு உள்ள கொண்டு வந்தீங்க. அதையும் அடைச்சு, வளர்த்த மீனைக் கொல்லப் பாத்தீங்க. ஒரு பஸ் ஏறி கேலாங்குக்குப் போயி, வா பெட்டின்னு ஒரு வார்த்தை கூப்பிட முடியல உங்களால. அந்த ஒரு பஸ் ஏற முடியாம இவ்வளவும் செஞ்சீங்க.”

நான் பீப்பாயைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அண்ணன் எதையாவது உதைப்பார், எவனையாவது திட்டுவார், குறைந்தபட்சம் நடக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் அசையாமல் நின்றார். மனிதர் அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளியே அலை சறுக்கில் ஏறித் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

அக்கா பொடிமீன் கூடையை இழுத்து வைத்து நறுக்க உட்கார்ந்துவிட்டார். “எண்ணெய் கிண்ணெய் வந்தா பலகையை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

நான் லாரிக் கதவைத் திறந்தபோது மறுபக்கக் கதவும் திறந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் பாசி. சட்டையை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மாற்றப் போனால் இந்த ஆள் திரும்பி வரமாட்டார் என்று தோன்றியது. வண்டியை எடுத்துவிட்டேன்.

வழியில் ஒருமுறை மட்டும், குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நான் கேட்டதே இல்லை. அதற்கு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கேலாங்கில் அந்த அடுக்குமாடி பிளாக் எதிரே ஓரங்கட்டினேன். எந்த வீடு என்றார். கையை நீட்டிக் காட்டினேன், கம்பிக் கேட்டில் துண்டு காய்கிறதே, அந்த வீடு. இறங்கினார். ரோட்டைத் தாண்டுமுன் திரும்பி லாரியை ஒருமுறை பார்த்தார். நான் வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்தினேன்.

கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கித் தட்டினார். கதவு திறந்ததும் பெட்டி தெரிந்தாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதே நேரத்தில் பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றான். நான் நின்றது பஸ் நிற்கும் இடம். திட்டிக்கொண்டே வண்டியை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, சிக்னலில் மாட்டி, மறுபடி அங்கே வந்து சேர்ந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே, ஒரு சின்ன சிவப்புச் செருப்புக்குப் பக்கத்தில், அவருடைய ரப்பர் பூட்ஸ் இரண்டும் நின்றன. அதிலிருந்து தண்ணீர் வழிந்து நடையில் ஓடிக்கொண்டிருந்தது.

தேக்காவில் முதலாளி காத்திருப்பார், இன்றைக்கும் ஏச்சு விழும். விழட்டும் என்று ஒரு மரத்தடியில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.